நான் தொடலை

அந்தக் கம்பெனி வாசலில் போய் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் காவலாளி தலையைச் சொறிவார். 'கறார்' என்று கேட்டுப் பாருங்கள். உடனே கையை நீட்டி, "மூணாவது கொட்டகை, கடைசி மிஷின். கொஞ்சம் எட்டவே நின்னு பேசுங்க" என்பார்.

இந்தப் பட்டத்தை அவள் சும்மா வாங்கவில்லை. அவள் பார்த்தது பல்சக்கரங்களை இறுக்குகிற வேலை. தான் சூடேற்றிய சக்கரத்தையே அரத்தால் தேய்த்துப் பார்ப்பாள். அரம் வழுக்கினால் சக்கரம் இறுகிவிட்டது என்று அர்த்தம். கடித்தால் இறுகவில்லை, தூக்கிக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவாள். ஒரு நாள் காலையில் சூடேற்றியது மொத்தத்தையும் அப்படிப் போட்டாள். மேஸ்திரி ஓடி வந்தார்.

"என்னம்மா இது, கொஞ்சம் பார்த்து விடக் கூடாதா?"

"கொஞ்சம் பார்த்தேன், அதனாலதான் போட்டேன். நல்லாப் பார்த்திருந்தா உங்க தலையில போட்டிருப்பேன்."

அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

குணம் என்னவோ சின்ன வயதிலிருந்தே அதுதான். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தி டீச்சர் நாற்காலியில் மையைக் கொட்டிவிட்டாள். ஒருத்தி ஒப்புக்கொண்டால் போதும், மற்ற எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று டீச்சர் சொன்னார். பசி வேளை. கூட்டாளிகள் எல்லாரும் இவளைப் பிடித்துக்கொண்டார்கள்: உங்கப்பாதான் அடிக்கவே மாட்டாரே, நீ சொல்லிடேன். இவள் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நிஜமாகவே நிற்க வைத்தார்கள், பெஞ்சு மேல். துணி தேய்த்துப் பிழைக்கிற அப்பா, பெண்ணைக் காணோமே என்று தேடிக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார். "கொட்டலைன்னு அது சொன்னா கொட்டலைதான் டீச்சர்" என்று சொல்லி இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். இப்படி ஒரு அப்பா வாய்த்தால் பிள்ளை வேறு எப்படி வளரும், சொல்லுங்கள்.

அவளுடைய மிஷினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெட்டி வருகிற பல்சக்கரம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மிருது. அப்படியே வண்டியில் மாட்டினால் சீக்கிரமே பல் தேய்ந்து கொட்டிவிடும். அதனால் சுடவைத்து, சட்டென்று தண்ணீர் பீய்ச்சி, மேல்தோலை இறுக்குவார்கள். சுடவைக்க நெருப்பெல்லாம் கிடையாது. வளையமாக வளைத்த செம்புக் குழாய் ஒன்று இருக்கும், சுருள் என்பார்கள். அதன் நடுவில் சக்கரத்தை நிறுத்திக் காலால் மிதியை அழுத்தினால், சக்கரம் சுருளைத் தொடாமலே பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்துவிடும். சுருளோ சூடாகாது, அதற்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். பழகினவர்களுக்கு அது வெறும் சோற்று வேலை.

முன்பெல்லாம் சுருளைச் சுற்றிச் செம்புத் தகட்டில் ஒரு கூண்டு இருந்தது. முன்பக்கம் ஒரு சின்னக் கதவு. மிஷின் ஓடும்போது கூண்டு வெதுவெதுப்பாகும். புதிதாக வந்த மேனேஜர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எதுக்குச் சூடாகுது? நான் காசு குடுத்து வாங்கற கரன்ட்டு சக்கரத்தைச் சூடேத்த. தகட்டைச் சூடேத்த யார் சொன்னது?"

மறுநாளே கூண்டைக் கழற்றி மூலையில் சாத்தியாயிற்று. சக்கரம் முன்னைவிடக் கொஞ்சம் சீக்கிரமே சிவந்தது, கதவைத் திறந்து மூடுகிற வேலையும் மிச்சம். மேனேஜருக்கு மேலிடத்தில் ஒரே பாராட்டு.

கூண்டு போன பிறகு பெண்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மிஷினுக்குப் பக்கத்துப் பலகையில் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவை வைத்தால், மத்தியானம் திறக்கும்போது ஆவி பறக்கிறது. வீட்டிலிருந்து ஆறிப்போய் வந்த சாப்பாடு அங்கே வந்து சூடாகிறது. விடுவார்களா? பலகையில் இடம் பிடிக்கத் தினமும் அடிதடி. மேனேஜரே ஒரு நாள் தன் டப்பாவைக் கொடுத்தனுப்பினார். சட்டைப் பையில் சாவிக்கொத்து வைத்திருந்த ஒருத்தி, சுடுது சுடுது என்று துள்ளினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்த நேரத்தில் அது ஏன் என்று யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. கறாரும்தான்.

மோதிர விஷயத்துக்கு வருவோம். மிஷினுக்கு மேலே, கையில் உலோகம் கூடாது என்று பலகை தொங்கியது. ஆனால் வருஷக்கணக்காக இரும்பு தூக்கினால் விரல் தடித்துப் போகும், போட்ட மோதிரம் கழலாது. கறார் முதல் சம்பளத்தில் தனக்குத் தானே வாங்கிப் போட்டுக்கொண்ட மோதிரம் அப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மிஷின்காரிக்கும் அதே கதி. இவர்களை என்ன செய்வது? மேனேஜர் ஒரு வழி சொன்னார்: வயர்மேன் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை மோதிரத்தின் மேல் நாலு சுற்றுச் சுற்று, கரன்ட் ஏறாது. எல்லாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. கரன்ட் என்றால் தொட்டால் அடிப்பது, டேப் என்றால் தொடவிடாமல் காப்பது, இதில் என்ன சந்தேகம்? காலையில் உள்ளே நுழைந்ததும் ஒருத்தி விரலுக்கு ஒருத்தி டேப் சுற்றிவிடுவது வழக்கமாகிப் போனது.

அப்படி ஒரு நாள், சக்கரம் ஒன்று அதைத் தாங்குகிற தண்டில் சரியாக உட்காரவில்லை. மிதியை அழுத்தியதும் லேசாக ஆடியது. ஆடினால் ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் சூடேறாமல் நிற்கும், அது அவளுக்கு ஆகாது. இதற்கென்றே ஒரு மரக்குச்சி வைத்திருப்பாள். அதை எடுத்துச் சக்கரத்தைத் தட்டிச் சரிசெய்தாள். மோதிரம் மாட்டிய இடது கை குச்சியின் நுனிப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது. அந்தக் கைக்கும் சுருளுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. சிவந்த சக்கரம் அதைவிடத் தள்ளி இருந்தது. இதை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை.

முதலில் விரலை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. அடுத்த மூச்சில் எரிச்சல். கையைப் பின்னால் இழுத்துவிட்டாள், ஆனால் எரிச்சலும் கூடவே வந்தது. மோதிரத்தை அல்லவா கையோடு கொண்டுவருகிறாள். டேப் உள்பக்கம் உருகி விரலோடு ஒட்டிக்கொண்டது, வெளிப்பக்கம் பளபளப்புக்கூடக் குறையவில்லை. பக்கத்து மிஷின்காரி ஓடி வந்து தண்ணீர்க் குழாயைத் திருப்பிவிட்டாள். அந்தப் பெண்ணை எல்லாரும் 'சிரிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள். விரல் பிழைத்தது, ஆனால் மடங்கவில்லை. கட்டுப் பிரிக்கிற அன்று டாக்டரம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதையாவது தொட்டிருந்தா ஒரு பக்கம்தானே வேகும்? இது சுத்தி வளைச்சு வெந்திருக்கே."

"நான் எதையும் தொடலை டாக்டர்."

"அப்ப எப்படி?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

மேனேஜர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனுஷன்தான், பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். 'அவசரத்தில் சூடான சக்கரத்தைத் தொட்டுவிட்டேன்' என்று அதில் டைப் அடித்திருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"இதுல ஒரு கையெழுத்து போட்டா எல்லாம் முடிஞ்சுதும்மா. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடலாம். எச்சரிக்கைன்னு பேருக்கு ஒண்ணு குடுப்போம், அதை யாரும் படிக்கக்கூட மாட்டாங்க."

"நான் தொடலை சார்."

"தொடாம எப்படிம்மா சுடும்? காத்துலயா நெருப்பு இருக்கு?"

"அது எனக்குத் தெரியாது. தொடலை. அது தெரியும்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "போடலைன்னா விசாரணை வைக்கணும். விசாரணைன்னு போயிட்டா உங்க வேலைக்கு என்னால உத்தரவாதம் தர முடியாது. மிரட்டறேன்னு நினைக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன்."

அவர் மிரட்டவில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். திருட்டு முழி முழித்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். இந்த ஆள் மனசார நம்புகிறார், அவள் தொட்டுவிட்டுப் பொய் சொல்கிறாள் என்று.

அவர் போனதும் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அவர் தையல்கடை வைத்திருப்பவர், சாது, ஊசி குத்தினால்கூட ஊசியிடம் மன்னிப்புக் கேட்பார்.

"ஒரு வார்த்தைதானே. போட்டுட்டுப் போயேன். விரல் திரும்பியா வரப்போகுது?"

"நீங்க கிழிக்காத துணியைக் கிழிச்சேன்னு ஒத்துக்குவீங்களா?"

"வர்றவங்க கோவிச்சுக்குவாங்கன்னா ஒத்துக்குவேன்."

"அதனாலதான் ஊர்ல கிழிஞ்ச துணி பூரா நம்ம கடைக்கு வருது."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பயமா இருக்கு எனக்கு. இந்த வேலை போச்சுன்னா இந்த விரலோட வேற யாரு வேலை குடுப்பா?" அவளுக்கும் அதே பயம்தான். ஆனால் தாளை மடித்து அலமாரிக்கு மேலே போட்டாள்.

கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை. சாயங்காலம் அங்கே கம்பெனி இன்ஜினியர் நின்று டீ குடிப்பார் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர், கொட்டகைக்குள் குரல் உயர்த்திப் பேசியே கேட்டதில்லை. நேராக அவர் எதிரில் போய் நின்று விரலைக் காட்டினாள்.

"தொடாம எப்படி சார் சுட்டுச்சு? படிச்சவங்கதானே, சொல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம், மனதில் அடைத்துக்கொண்டிருந்தது உடைந்த மாதிரி கடகடவென்று சொன்னார். "கரன்ட்டு அந்தக் குழாய்லதான் ஓடுதுக்கா. ஆனா சக்தி குழாய்க்குள்ள ஓடலை. கம்பிக்குள்ள தண்ணி மாதிரி சக்தி ஓடுதுன்னு எல்லாரும் நினைக்கிறோம். தப்பு. கம்பி வெறும் கரை. ஓட்டம் வெளியில. சுருளைச் சுத்தி இருக்கிற இடத்துல காந்தப்புலமும் மின்புலமும் சேர்ந்து துடிச்சுக்கிட்டே இருக்கு, அந்த வெறும் இடத்து வழியாத்தான் சக்தி போகுது. போய்ச் சக்கரத்துக்குள்ள நாலா பக்கமும் தோல் வழியா நுழையுது. அதனாலதான் அது தொடாம சிவக்குது."

"அப்ப அந்தக் கூண்டு?"

"கூண்டு வேலி. புலத்தைத் தாண்ட விடாது. தடுக்கறதுக்காகக் கொஞ்சத்தைத் தன் மேல வாங்கிக்கும், அதனால வெதுவெதுன்னு ஆகும். அதை மேனேஜர் வீண்னு நினைச்சுட்டாரு. சக்தி எங்கேயும் தொலைஞ்சு போகாதுக்கா. மீட்டர் வழியா உள்ள வந்தது அத்தனையும் எங்கேயோ ஒரு இடத்துல இருந்தாகணும். சக்கரத்துல இருக்கும், குழாய்த் தண்ணில இருக்கும், கூண்டுல இருக்கும். கூண்டைக் கழட்டினா, வெளியில எந்த உலோகம் நிக்குதோ..."

"சாப்பாட்டு டப்பா," என்றாள் கறார்.

"டப்பா. சாவி."

"என் மோதிரம்."

அவர் தலையை ஆட்டினார். "மோதிரம் முழு வளையம். அதுக்குள்ள கரன்ட்டு சுத்திச் சுத்தி வரும், நின்ன இடத்துலயே சூடேறிடும்."

"டேப்பு?"

"டேப்பு அதைத் தடுக்கவே தடுக்காது. இருக்கிறதும் இல்லாததும் ஒண்ணுதான்."

கறாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் பொய்க்காரி இல்லை, பைத்தியமும் இல்லை. இத்தனை நாள் தனக்குத் தானே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள், அதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அழுகைக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது.

"கூண்டைக் கழட்டின அன்னைக்கு இது உங்களுக்குத் தெரியும்."

"ஒரு தடவை சொன்னேன் அவர்கிட்ட. பார்த்துக்கலாம்னாரு."

"அப்புறம்?"

அவர் டீயைக் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார். "வீட்டுல மாசமா இருக்கா. நான் சொன்னதா எங்கேயும் சொல்லிடாதீங்கக்கா. தயவு செஞ்சு."

கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது அவளுக்கு. ஆனாலும் "சொல்ல மாட்டேன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான், கறார் என்று பேர் வைத்தது எதற்கு?

மறுநாள் மத்தியானம் சிரிப்பைப் பார்க்கக் கொட்டகைக்கே போனாள். கறாரின் மிஷினில் இப்போது சிரிப்புதான் உட்கார்ந்திருந்தாள். விரலில் புது டேப். பக்கத்துப் பலகையில் டப்பாக்கள் பழையபடி வரிசையாக இருந்தன.

"டேப்பை நம்பாதேடி. கையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதே. முதல்ல போய் மோதிரத்தை வெட்டி எடு."

"தொட்டாத்தானேக்கா சுடும்? நான் தொட மாட்டேன்."

"தொடவே வேண்டாம். காத்துலயே வரும்."

சிரிப்பு தரையைப் பார்த்தாள். "யாருக்கா சொன்னது?"

"அதை விடு. நான் சொல்றேன், போதாதா?"

"கோவிச்சுக்காதேக்கா. நீ தொட்டுட்டுத்தான் ஒத்துக்க மாட்டேங்கறேன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. வேலை போயிடப்போகுதுன்னு எனக்கே பயமா இருக்கு. கையெழுத்தைப் போட்டுடேன்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. இது தன் மானத்தோடு முடிகிற விவகாரம் இல்லை. அவள் 'தொட்டேன்' என்று எழுதிக் கொடுத்த நிமிஷமே, தொடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்பது கம்பெனியின் வேதம் ஆகிவிடும். கூண்டு மூலையிலேயே கிடக்கும். அந்தப் பைத்தியக்காரி டேப்பை நம்பிக் கையை நீட்டுவாள். தன் விரல் தப்பித்ததே அதிர்ஷ்டம். வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்த தாளை எடுத்துக் கிழித்தாள். வீட்டுக்காரர் தையலை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தார்.

"விசாரணைக்கு நானும் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்து வாசல்ல நில்லுங்க. போதும்."

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். வழுக்கைத் தலை, பேனா, நீளத் தாள், எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதுகிற ஆள். மேனேஜர் அறையில் அவருக்கு ஒரு பக்கம் மேனேஜர், இன்னொரு பக்கம் இன்ஜினியர். எதிரில் ஒற்றை நாற்காலியில் கறார்.

"சூடான பாகத்தைத் தொட்டீங்களா?"

"தொடலை."

"தொடாம எப்படிச் சுட்டது?"

"அந்தச் சுருளைச் சுத்தி வெறும் இடத்துலயே சக்தி ஓடுது சார். கூண்டு இருந்த வரைக்கும் உள்ளயே நின்னுது. கழட்டினதும் வெளிய வருது. என் மோதிரத்துக்குள்ள வந்துச்சு."

பெரியவர் பேனாவை நிறுத்தினார். "இதை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

இன்ஜினியர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறார் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"வெந்தது என் விரல் சார். வேற யார் சொல்லணும்?"

மேனேஜர் மெதுவாகச் சிரித்தார். பெரியவர் இன்ஜினியரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. தொடாம சுட வாய்ப்பு இருக்கா?"

"அது வந்து... பல விஷயத்தைப் பொறுத்தது சார்." மென்று முழுங்கினார். "உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

கறார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. ஒரே ஒரு வார்த்தை போதும், டீக்கடையில் இவர்தான் சொன்னார் என்று. அதைச் சொல்லவில்லை அவள். எழுந்து நின்றாள்.

"மிஷினுக்கு வாங்க சார். இங்க உக்காந்து பேசினா எதுவும் சுடாது."

பெரியவருக்கும் உட்கார்ந்து சலித்துவிட்டது போலிருக்கிறது, தாளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நாலு பேரும் மூன்றாவது கொட்டகைக்குப் போனார்கள். சிரிப்பு மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். கறார் சுருளின் பக்கத்தில் போய், தன் கை அன்றைக்கு எங்கே இருந்தது என்று காட்டினாள்.

"இங்க இருந்துச்சு. மேனேஜர் சார் விரல்லயும் மோதிரம் இருக்கு. நான் வச்ச இடத்துல, நான் வச்ச தூரத்துல அவரும் கையை வைக்கட்டும். தொட வேண்டாம். எதையும் தொடவே வேண்டாம்."

சுற்றிலும் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் முகம் சிவந்தது, ஆனால் அவர் பின்வாங்கவில்லை. அவர் நம்பியதைத்தானே இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தாராளமா. டேப்பைக் குடும்மா" என்று சிரிப்பிடம் விரலை நீட்டினார். "பாருங்க சார், எங்க முறை இதுதான். நாலு சுத்து. இதை மீறி ஒண்ணும் ஆகாது."

சிரிப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ சுற்றிவிட்டாள். தண்டில் ஒரு சக்கரத்தை மாட்டினாள். மிதியில் காலை வைத்தாள்.

"அழுத்தும்மா" என்றார் மேனேஜர்.

மிஷின் முனகத் தொடங்கியது. சக்கரத்தின் பல் நுனிகள் கருத்து, பழுத்து, சிவக்க ஆரம்பித்தன. மேனேஜர் கையை விரித்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிதானமாக முன்னே கொண்டுபோனார். கறார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத் தட்டிவிட்டிருப்பாயா என்று பிற்பாடு வீட்டுக்காரர் கேட்டபோது, "தெரியலை" என்றுதான் சொன்னாள். அவள் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? கை போய்க்கொண்டே இருந்தது. ஒரு முழம், ஒரு சாண்.

"சார், வேண்டாம்!"

இன்ஜினியர்தான். அந்த ஆளின் தொண்டையில் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று கொட்டகையில் யாருக்கும் தெரியாது. பாய்ந்து வந்து மேனேஜரின் கையைப் பின்னால் இழுத்து, சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தார். முனகல் நின்றது. சக்கரம் மட்டும் சிவப்பாகவே நின்றது.

மேனேஜர் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். "நான் தொடவே இல்லையேப்பா."

பெரியவர் ஒரு அடி முன்னால் வந்தார். "ஏன் வேண்டாம்?"

இன்ஜினியருக்கு மூச்சு வாங்கியது. இனி மென்று முழுங்க எதுவும் மிச்சமில்லை. "விரல் வெந்துடும் சார்."

"தொடாமலா?"

"தொடாமலே."

"டேப் இருந்தாலுமா?"

"இருந்தாலும்தான். கூண்டைக் கழட்டினதுலேருந்தே அப்படித்தான்."

மேனேஜர் தன் விரலைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு மிதியிலிருந்து காலை எடுத்து, தன் விரலில் இருந்த டேப்பைப் பிய்க்க ஆரம்பித்திருந்தாள். பெரியவர் தாளை மிஷின் மேல் வைத்து எழுதத் தொடங்கினார்.

கறார் ஜெயித்துவிட்டாள், இல்லையா? அவளுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. நெஞ்சு பற்றி எரிந்தது. இன்ஜினியர் எதிரில் போய் நின்றாள். மடங்காத விரலை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

"எங்க கை தினமும் இதே இடத்துக்குத்தான் போச்சு சார். என் கை, இவ கை, அதோ நிக்கிறாங்களே அத்தனை பேரு கை. நீங்க பக்கத்துலதான் நடந்துக்கிட்டிருந்தீங்க. ஒரு நாளாவது இந்தச் சத்தம் உங்க வாயிலேருந்து வந்துச்சா?"

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவள் காத்திருந்தாள். அவர் ஏதாவது சொல்லட்டும் என்று நிஜமாகவே காத்திருந்தாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"அதையும் எழுதிக்குங்க சார். பதில் வரலைன்னு."

அவர் எழுதிக்கொண்டார்.